சொல்லாத வரைக்கும்

மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் நிர்மலாவுக்கு வேலை. உள்ளே போகும்போது செல்போனை கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அது எரிச்சல், இவளுக்கு வேதனை. புருஷன் சந்தோஷ் எப்போது கூப்பிடுவான் என்று அவனுக்கே தெரியாது. இவள் திருப்பிக் கூப்பிட நம்பரும் கிடையாது. கூப்பிட்டால் சாப்பிட்டியா, தூங்கினியா, வெச்சிடறேன், அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக அவள் வேலை முடிந்ததும் கேட்டுக்கு ஓடுவாள்.

சந்தோஷ் பாரூர்க்காரன். சின்ன வயதிலேயே அம்மாவையும் அப்பாவையும் பறிகொடுத்துவிட்டு, கரும்பு வெட்டப் போய் வளர்ந்தவன். பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கேயும் சும்மா இருக்காமல் பாராசூட் சிறப்புப் படைக்குத் தானாகவே கை தூக்கினான். அந்தப் படைக்கு யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. ஆசைப்பட்டு வருகிறவர்களையே பட்டினி போட்டு, தூங்கவிடாமல் ஓடவிட்டு, பெரும்பாலான பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவனைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பயிற்சி முடிந்து வந்தவன் கன்னம் ஒட்டி, கால் நகம் உதிர்ந்து, தாடியோடு நின்றான். யாரோ என்று வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா கதவைச் சாத்திவிட்டாள். கட்டிலில் தூக்கம் வராமல் தரையில் படுத்தான். என்ன வேலை என்று வெளியே சொல்லக் கூடாது என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் “மிலிட்டரில லாரி ஓட்டறாரு” என்று நிர்மலா சொல்லி வைத்தாள். “அப்போ பயமில்ல” என்றது தெரு. அவளும் சிரித்து வைத்தாள்.

அந்தப் படையில் இரண்டிரண்டு பேராகத்தான் இருப்பார்கள். ஒருத்தன் தூங்கினால் ஒருத்தன் முழித்திருப்பான். ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தன் விட்டுவிட்டு வர மாட்டான். போன வருஷம் சந்தோஷின் ஜோடி விழுந்தான். உயிர் இல்லை என்று தெரிந்தும் அவனை முதுகில் சுமந்துகொண்டு பனியில் மலை இறங்கி வந்தவன் சந்தோஷ். லீவில் வந்தவன் யாரோடும் பேசவில்லை. கிளம்பும்போதுதான் வாய் திறந்தான்.

“டிவிய பாத்து பயந்துக்காத நிர்மலா. வீட்டுக்கு ஆளு வந்து சொல்லாம எங்க பேரு வெளிய வராது. ஆளு வரலியா, நான் நல்லாக்கீறேன்னு நெனச்சுக்கோ.”

தைரியம் சொல்லத்தான் சொன்னான். அதை அவள் எந்தப் பக்கமாகப் பிடித்துக்கொள்வாள் என்று பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்.

இந்த ஆடி மாதம் ஒருநாள், கொஞ்ச நாளைக்கு போன் வராது என்று சொல்லிவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. காஷ்மீர் மலைக்காட்டில் துப்பாக்கிச் சண்டை, சிறப்புப் படையில் இருவர் வீரமரணம், சிலருக்குக் காயம். குடும்பத்தாருக்குத் தெரிவித்த பிறகு பெயர்கள் வெளியிடப்படும். அடுத்த நொடியே நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. நிர்மலா தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எங்கிட்ட யாரும் சொல்லல இல்ல?” என்றாள், பக்கத்தில் இருந்த வஜிஹாவிடம். லைனில் பக்கத்து மேசை, வீடும் பக்கத்துத் தெரு. லாரி ஓட்டவில்லை என்கிற உண்மை தெரிந்த ஒரே ஆள்.

“சொல்லல. நீ சாப்புடு” என்றாள் வஜிஹா.

சாயங்காலம் இரண்டு பேரும் தெருமுனை திரும்பினார்கள். நிர்மலாவின் வீட்டு வாசலில் ஜீப் நின்றிருந்தது. ஒரு போலீஸ்காரர். பக்கத்தில், நரைத்த மீசையோடு விறைப்பாக நிற்கிற ஒருவர். பட்டாளத்து நிற்றல் என்று பார்த்ததுமே தெரிந்தது. நிர்மலா அப்படியே திரும்பி நடந்தாள். கிட்டத்தட்ட ஓடினாள். வஜிஹா பின்னாலேயே ஓடிப் பிடித்தாள்.

“எங்கடி போற? உன்னத்தான தேடறாங்கோ.”

“சொல்லிட்டா முடிஞ்சிரும் வஜிஹா. அவங்க எங்கிட்ட சொல்லாத வரைக்கும் பேரு வராது. பேரு வராத வரைக்கும் அவரு இருக்காரு.”

இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்வது சுலபம். அந்த வாசலை நோக்கி நடக்க வேண்டிய கால் நம்முடையதாக இருந்தால் தெரியும். பட்டாளத்துக் காகிதத்தில் அவனுக்கு உறவென்று இருந்த ஒரே பெயர் இவளுடையது. இவள் கிடைக்காவிட்டால் அவர்கள் யாரிடம் சொல்ல முடியும்? போனை அணைத்தாள். அன்றைக்கு வஜிஹா வீட்டில் தங்கினாள். சாப்பிடவில்லை, அழவும் இல்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாள். வஜிஹா தொழுகையில் உட்கார்ந்தபோது மட்டும், “எனக்கும் சேத்து கேளு” என்றாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். உள்ளே போய்விட்டால் போனும் இல்லை, ஆளும் வர முடியாது என்று நம்பினாள். கொஞ்ச நேரத்தில் மைக் அலறியது. “லைன் நிர்மலா, உடனே மெயின் கேட்டுக்கு வரவும்.” மறுபடியும் சொன்னது. அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் இல்லன்னு சொல்லிரு” என்று வஜிஹாவிடம் சொல்லிவிட்டு, லோடு லாரிகள் போகிற பின்பக்க வழியாக வெளியேறினாள். பெட்டியில் இருந்த போனைக்கூட எடுக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினாள். கிருஷ்ணகிரி போகிற பஸ். சூளகிரியில் இறங்கி ஓசூர் பஸ்ஸில் ஏறினாள், திரும்ப இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினாள். எந்த ஊரிலும் இல்லாதவளைத் தேடிப் பிடிக்க முடியாதல்லவா.

சாப்பாட்டு நேரத்தில் வஜிஹாவுக்குப் பொறுக்கவில்லை. கேட்டுக்குப் போனாள். நரைத்த மீசைக்காரர் வெயிலில் நின்றிருந்தார். பெயர் மாதப்பன், ஓய்வுபெற்ற சுபேதார். பட்டாளத்துக் குடும்பங்களுக்குச் சேதி கொண்டு போகும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர். அவர் சொன்னதைக் கேட்டதும் வஜிஹா ஓடிப்போய்ப் பெட்டியில் இருந்து தன் போனை எடுத்தாள். புருஷன் லால் பாஷாவை வண்டியோடு வரச் சொல்லி, பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாகத் தேடிக்கொண்டு போனாள். மாதப்பன் ஜீப்பில் பின்னால் வந்தார்.

சூளகிரி மேம்பாலத்துக்குக் கீழே நிர்மலா கிடைத்தாள். வஜிஹாவைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். வஜிஹா அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தாள்.

“உயிரோடக்கீறாருடி. வயித்துல குண்டு. ஆஸ்பத்திரில கீறாரு. உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லி ஃபிளைட்டு டிக்கெட்டோட தேடிக்கினுகீறாங்கோ.”

காயம்பட்டவன் வீட்டுக்கும் ஆள் வரும் என்பது இத்தனை நேரமும் அவள் நினைப்பில் வரவேயில்லை. நடுரோட்டில் உட்கார்ந்து, சிரித்தாள். அழுகையும் அப்போதுதான் வந்தது. “போன் போடுங்க, பேசணும், ஒரு வார்த்த பேசணும்” என்று மாதப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதப்பன் போட்டார். எடுத்தவர்கள் இந்தியில் ஏதோ சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் உடம்பு விறைத்தது. போனைப் பையில் வைத்துவிட்டு, பாலத்தின் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரெண்டாவது ஆபரேஷன் பண்ணாங்கோ. தாங்கலம்மா. மத்தியானம் தவறிட்டாரு.”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வஜிஹாதான் கத்தி அழுதாள். நிர்மலா மாதப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து எங்க வாசல்ல நின்னீங்களே. அப்போ அவருக்கு நெனவு இருந்துச்சா?”

போரில் நின்ற மனுஷர்தான். ஆனாலும் தூணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இருந்துச்சும்மா. மொத ஆபரேஷனுக்குக் கூட்டினு போறதுக்கு முன்ன, என் போன்லதான் லைன்ல இருந்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“வீடு பூட்டிக்கீதுன்னேன். ஷிப்டு முடிஞ்சு வர்ற நேரந்தான் அண்ணா, இப்போ வந்துருவா, கொஞ்சம் வெச்சிராதீங்கன்னாரு.”