கிழக்கு எல்லைக் குன்றுகள்

அட்டைகளை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிய கானா நாட்டின் மேடுபள்ளப் படம் அது. தாழ்ந்த நிலத்துக்குப் பச்சை, உயர உயர மஞ்சள், உச்சிக்குக் காவி. திண்டுக்கல் பள்ளியில் என்னைப் போலவே பூகோளம் நடத்திய பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதைச் செய்தார். கெடுத்தவன் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கானாவின் பள்ளிகளுக்கு இங்கிருந்து ஆசிரியர்களை எடுத்தார்கள். இருவரும் விண்ணப்பித்தோம். “ரெண்டு பேரும் கப்பலேறிட்டா ஆப்பிரிக்காவை இங்க யாருய்யா நடத்துறது?” என்று தலைமையாசிரியர் கேலி செய்தார். நேர்காணலுக்குச் சென்னை வரச்சொல்லி அவருக்கு மட்டும் கடிதம் வந்தது. நான் எம்.ஏ.; அவர் சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்தில் பிறந்த வெறும் பி.ஏ.

நேர்காணலுக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் படம். எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நாட்டுக்கு மூன்று வரிகள்தான். விவரமான அட்லஸ் என்னிடம் மட்டுமே இருந்தது. அதை மடியில் விரித்துக்கொண்டு நான் வாசிக்க, கையெல்லாம் பசையோடு அவர் ஒட்டினார். மதிப்பெண் பட்டியலையும் நாங்கள் அப்படித்தான் தயாரிப்போம்: ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுதுவார். எழுதியவர் விடைத்தாளைத் திரும்பப் பார்ப்பதில்லை. பார்த்தால் வாசித்தவரைச் சந்தேகித்ததாகிவிடும்.

“தெக்க கடற்கரை?”

“தாழ்வு.”

“நடுவுல வோல்டா ஆத்துப் படுகை?”

“அதுவும் தாழ்வுதான்.”

“அட, பாதி நாடு நம்ம திண்டுக்கல்லை விடப் பள்ளத்துல கெடக்கே! வீட்டுக்கு லெட்டர் போட்டா மேடேறில்ல சார் வரணும்?” என்று சிரித்தார். “சரி, கிழக்கு எல்லை?”

அட்லஸில் அங்கே காவி நிறம். அந்த நாட்டிலேயே உயரமான குன்றுகள்.

“சமவெளி,” என்றேன்.

அவர் பச்சை அட்டையை வைத்து அழுத்தினார். மாலையில் அட்லஸை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன்.

சென்னையிலிருந்து வந்தவர் நேராக என்னிடம்தான் வந்தார். “கேள்வி கேட்டவங்கள்ல கானாவுல இருந்துட்டு வந்த ஒருத்தர் கிழக்கு ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, ‘இங்க இருந்த மலை எங்கய்யா’ன்னு கேட்டார் சார். வேலை இல்லைன்னுட்டாங்க. நீங்க சரியாத்தான் படிச்சிருப்பீங்க. நான்தான் ஏதோ நெனப்புல மாத்தி ஒட்டிட்டேன்.”

“விடுங்க சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்றேன். உள்ளே எனக்கு மனசு குளிர்ந்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. அடுத்த தடவை என்று ஒன்று அவருக்கு வரவேயில்லை.

எங்கள் வகுப்புகளுக்கு நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். ஆண்டுதோறும் ஆப்பிரிக்கப் பாடம் வரும்போது அவர் குரல் கேட்கும்: “கானாவுக்குக் கிழக்கு எல்லையில மலை இருக்குடா. ஒரு மடையன் அதை மறந்துட்டு வேலையைத் தொலைச்சான். நீங்களாவது ஞாபகம் வச்சுக்கங்க.” பையன்கள் சிரிப்பார்கள். அவர் ஓய்வுபெறும்வரை இது நடந்தது. ஒரே ஒரு வருஷமாவது தட்டியைச் சுற்றிப் போய், மறந்தவன் எவனுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் என் பையன்களை இன்னும் உரக்கப் படிக்கச் சொன்னேன்.