ரசியா பேகம் குளிப்பாட்டிய கடைசி மய்யித்து

பாபநாசம் பக்கம் எங்க ஊர்ல பொம்பளை மௌத்துன்னா மொதல்ல தேடுறது ரசியா பேகத்தைத்தான். செத்த உடம்பை, மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி அனுப்புறவ. புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், மக கிடையாது, ஒரே மகன் துபாய்ல. வீட்டுல அவளும் ஒரு கிழட்டுப் பூனையும். சாவு வீட்டுலதான் நாலு பேர் அக்கா முறை வச்சு "வாங்க லாத்தா"ம்பாங்க. அது போதும்னு இருந்தா.

அந்த வேலைக்கு ஒரே கட்டுப்பாடு. போர்வைக்கு அடியில கை கண்டதை வாய் சொல்லக் கூடாது. செத்தவ குறை அவளோட மண்ணுக்குள்ள போகணும்.

ஹாஃபிஸா செத்தப்பவும் ரசியாதான் போனா. புருஷன் ஷஹ்பாஸ் மந்திரிக்கு வலது கை. அவன் கண்ணசைச்சா தாலுகா ஆபீஸே எழுந்து நிக்கும். நெஞ்சுவலின்னான். வேதாரண்யத்துலேர்ந்து பெத்தவ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு பறந்தான். பின்னல் போட ரசியா கூந்தலை மூணாப் பிரிச்சா. பிடரியில நாலு விரல் தடம் கன்னிப்போய்க் கிடந்துச்சு. ஆனாலும் பின்னி முடிச்சா.

அவசரமா அடக்குனதுல சந்தேகப்பட்டு, கொஞ்ச நாள்லயே ஊர் கிளம்பிருச்சு. "ஹாஃபிஸாவுக்கு நீதி வேண்டும்"னு சுவத்துக்குச் சுவர் போஸ்டர், கும்பகோணம் ரோட்டுல மறியல். அங்க கத்துனவங்க அப்படியே ரசியா வாசலுக்கு வந்தாங்க. "என்ன பாத்தீங்க? சொல்லுங்க!" அவ வாயைத் திறக்கலை. உடனே, "வாங்கித் தின்னுட்டா"ன்னு பேச்சு. நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசுமே! ஒரு ஜனம் அவ முகத்தைப் பார்க்கலை. சொன்னா மார்க்கத்துக்குத் துரோகம், சொல்லலைன்னா அந்தப் புள்ளைக்குத் துரோகம். அவளுக்குச் சோறு இறங்கலை.

ஹாஃபிஸாவோட அம்மா ஜுலைகா வந்தா. ஒண்ணும் துருவலை. வாசப்படியில உக்காந்து, "லாத்தா, தலையை நல்லாத் துவட்டுனீங்களா? அவளுக்கு ஈரத்தலை ஆகாது"ன்னா.

ரசியா தன்னையே திட்டிக்கிட்டா. அட கூறுகெட்டவளே, மறைக்கச் சொன்னது செத்தவ குறையைத்தானே? அந்த விரல் இவ குறையா? பொத்திப் பொத்தி யாரைக் காப்பாத்துறேன்?

அன்னிக்கே ஆர்.டி.ஓ. விசாரணையில போய்ச் சொன்னா. கபரைத் தோண்டிப் பார்த்தாங்க. ஷஹ்பாஸைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. அவனைத் தெரியவே தெரியாதுன்னுட்டாரு மந்திரி. ஊரே ரசியாவைக் கொண்டாடுச்சு, கூட நின்னு போட்டோ புடிச்சுக்கிச்சு.

குறுவை அறுப்பு சமயம் எதுத்த வீட்டு மாமி மௌத்தானாங்க. ரசியா கை கால் கழுவி ஒளு செஞ்சு, துப்பட்டியைப் போட்டுக்கிட்டு காத்திருந்தா. கூப்பிடலை. கும்பகோணத்துலேர்ந்து வேற ஒருத்தியை ஆட்டோவுல கொண்டாந்து இறக்குனாங்க. மறியல்ல மொத வரிசையில நின்ன மருமகதான் வந்து சொன்னா: "தப்பா நெனைக்காதீங்க லாத்தா. பாத்ததைச் சொல்றவங்கன்னு பேராயிப்போச்சு. எங்க மாமிக்கும் மானம் இருக்குல்ல?"

அதோட சரி. நீதி கேட்ட எந்த வீட்டுலயும் அவளைக் கூப்பிடலை. "எத்தனை பேரைக் குளிப்பாட்டி அனுப்பினேன்! மகன் ஆம்பளை, என்னைக் குளிப்பாட்டக் கூடாது. வேற யார் வருவா?"ன்னு பூனைகிட்டக் கேட்டு அழுதா.

ஹாஃபிஸாவுக்கு வருஷ ஃபாத்திஹா ஓத ஜுலைகா வந்தப்ப, ரசியா அவகிட்டயும் அதையே கேட்டுப்புட்டா. ஜுலைகா முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, "எப்படிப் பண்ணணும்னு சொல்லிக் குடுங்க லாத்தா. எத்தனை பஸ் மாறுனாலும் வந்துடறேன்"னா.

ரசியா தானே மய்யித்து மாதிரி பாயில படுத்தா. ஜுலைகா அவ தலையைத் தூக்கி மடியில வச்சு, நரைமுடியை மூணாப் பிரிச்சா.

"அதுக்கு முந்தி,"ன்னா ரசியா, "தலையை நல்லாத் துவட்டிரு."