மீதி உபவாசம்

அன்பான சகோதர சகோதரிகளே, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஆளைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றவன் நான். அன்று ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொலைந்தது என் ஊழியத் தோழன் எல்டர் டாசன். 'எல்டர்' என்பது எங்கள் சபையில் ஊழியம் செய்யும் பையன்களுக்குப் பட்டம். அமெரிக்கப் பையன். காஞ்சிபுரத்துக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தமிழில் அவனுக்கு 'வணக்கம்', 'போதும்' என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். நான் மலேசியாவில் கிள்ளான் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மார்மன் சபை என்னை இரண்டு வருட ஊழியத்துக்கு இந்தியாவுக்கு அனுப்பியிருந்தது. தோழனை விட்டுப் பிரியக்கூடாது என்பது எங்களுக்கு முதல் விதி. குளியலறை தவிர எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போவோம்.

எங்கள் அன்றாடத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. காலையில் எழுந்து வேதம் படிப்போம். நான் உப்புமா கிண்டுவேன், அவன் பாவம், சாப்பிடுவான். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் தமிழில் பெயர் எழுதிய கறுப்பு அட்டை. எங்களைக் கேட்டவர்களிடம் மட்டும்தான் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம். சபை விதிப்படி டீ, காபி தொடமாட்டோம். காபி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு காஞ்சிபுரத்தில் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச நாள். இரண்டு வேளைக்குச் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அந்த மாதம் டாசனுக்கு ஒரு காரணமும் இருந்தது. அவன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். "நீ திரும்பி வராதே, அங்கேயே இருந்து ஜெபம் பண்ணு" என்று அம்மாவே சொல்லிவிட்டாராம். பையன் அழவில்லை. "இந்த உபவாசம் அம்மாவுக்கு" என்று மட்டும் சொன்னான்.

அதே ஞாயிறுதான் பெருமாள் கருடன் மேல் வீதியுலா வரும் கருட சேவையும் வந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு சகோதரர் வீட்டில் எங்களுக்கு ஆராதனை. பஸ் ஓடவில்லை. நடந்தே போய்விடலாம் என்று புத்திசாலித்தனமாக யோசனை சொன்னவன் நான். காந்தி ரோட்டில் எள் போட்டால் எள் விழாது. பெருமாளின் குடை தெரிந்ததும் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தேன், டாசன் இல்லை.

அவன் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். அந்தத் தலை எங்கேயும் தெரியவில்லை என்றால் கீழே விழுந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். சொட்டுத் தண்ணீர் குடிக்காத உடம்பு, வைகாசி வெயில், இத்தனை ஆயிரம் கால்கள். அவனுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது? கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் பூட்டியிருந்த பட்டுக்கடையின் உயரமான படியில் ஏறிக் கண்ணை மூடினேன். "பரம பிதாவே, என்னால் முடியவில்லை, அவனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான் ஜெபம். குரல் எதுவும் கேட்கவில்லை. இந்தப் படியை விட்டு இறங்காதே என்று மட்டும் மனதில் உறுதியாகப் பட்டது. ஓடித் தேடச் சொல்லிக் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா முழங்கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, இதே மாதிரி கறுப்பு அட்ட குத்திக்கினு ஒரு வெள்ளக்காரப் புள்ள எங்க பந்தல்ல படுத்துக்கினு இருக்குது. உன் ஆளா? நீ மேல நிக்கங்காட்டி அட்ட கண்ணுல பட்டுது."

அவர் பெயர் கன்னியம்மா. நெசவுக் குடும்பம். அவர்கள் தெருக்காரர்கள் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே டாசன் பாயில் கிடந்தான். நினைவு இருந்தது, ஆனால் உதடு வெடித்து, கண் சொருகியிருந்தது.

"மோர் குடுத்தாலும் வேணாங்குறான், தண்ணியும் வேணாங்குறான். ஏம்பா, எங்க கையால வாங்கிக் குடிக்கக் கூடாதா?"

குனிந்து கேட்டேன். "அம்மாவுக்கென்று சொல்லிவிட்டேன். பாதியில் விடமாட்டேன்" என்றான். முடியாதவர்கள் உபவாசம் இருக்கத் தேவையில்லை என்று எவ்வளவோ சொன்னேன். வாயை இறுக்கிக்கொண்டான். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. வேறு வழி தெரியாமல் கன்னியம்மா அக்காவிடம் முழு விஷயத்தையும் சொன்னேன்.

அவர் டம்ளரோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான் இருக்குறேன். சாமி கோயிலுக்குத் திரும்பினப்புறந்தான் சாப்புடுவேன். வருசா வருசம் எம்புள்ளைங்களுக்காக இருக்குற வெரதம். இந்த வருசம் இவங்க அம்மாவுக்குன்னு வெச்சிக்கிறேன். மிச்சத்த நான் இருந்து முடிக்கிறேன், நீ குடி கண்ணுன்னு சொல்லுப்பா."

நான் சொன்னேன். டாசன் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு டம்ளரை வாங்கினான். மோரும் கண்ணீருமாகக் குடித்தான். அவனுக்குத் தெரிந்த 'போதும்' அன்றைக்கு அவன் வாயிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று.

அந்த வாரமே எங்கள் மிஷன் தலைவர் மூலம் செய்தி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அம்மா கண் விழித்துவிட்டார். அதைச் சொல்லக் கன்னியம்மா அக்கா வீட்டுக்குப் போனோம். காபி கொண்டுவந்தார். நாங்கள் நெளிந்தோம். "காபி ஆவாதா? பரவால்லப்பா, மோர் இருக்குது" என்று சிரித்தார்.

ஆண்டவர் உதவி அனுப்பினால் நம் சபை ஆள் மூலமாகத்தான் அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். அன்றோடு அந்த நினைப்பு போயிற்று. பிரியமானவர்களே, நெருக்கடி வரும்போது தயங்காமல் அவரிடம் கேளுங்கள். நில் என்றால் நில்லுங்கள். எந்தக் கையால் கொடுப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். கொடுப்பார். நான் கண்ணால் கண்டவன்.

அந்த வருடம் கன்னியம்மா அக்காவின் பிள்ளைகளுக்கு விரதம் இல்லாமல் போயிற்றே என்று டாசனுக்கு ஒரே உறுத்தல். அடுத்த உபவாச ஞாயிறு அவர்களுக்காக இருந்தோம். அவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான், நான் கிள்ளானில் இருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்திருக்கும். அவர்களுக்காக உபவாசம் இருப்பதை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நிறுத்தவில்லை.

இயேசுவின் நாமத்துக்கு நன்றியோடு, ஆமென்.