பூஜையில் உட்கார்ந்த ஜாக்கி

இன்று ஆயுத பூஜை. பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வாசலில் நின்ற கார் பஞ்சர்.

ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கியும் ஸ்பேனரும் சாமி படத்துக்கு முன்னால், சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எடுக்கப் போனேன். கணவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இன்னிக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாதும்மா."

"புள்ள கொதிக்கிறான், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

பஞ்சர் கடைக்கு ஓடினேன். "இன்னாம்மா நீ, பூஜ நடந்துகினு கீது, நாளைக்கு வா" என்று கடைக்காரர் கை நிறையப் பொரி கொடுத்தார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பூந்தமல்லி ஆஸ்பத்திரிவரை பஸ்ஸில் நின்றே போனேன். ஊசி போட்டார்கள். இப்போதுதான் ஜுரம் விட்டுத் தூங்குகிறான்.

திரும்பி வந்தால், காருக்கு மாலை, பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். காற்று மட்டும் இல்லை!

கணவரிடம் இன்னொரு ஜாக்கி வாங்கச் சொன்னேன். "அதையும் பூஜையில வெச்சுடலாம்" என்கிறார். அதை எங்கே ஒளித்துவைக்கலாம், சொல்லுங்கள்.