தீர்க்காமல் வைத்திருந்த பாக்கி

சென்ற ஆண்டு ஆடி மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில் நடந்தது இது. என் மனைவி காலமாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

நான் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகளுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு அவளுடன் நானும் கையெழுத்திட வேண்டும். பொன்னேரியில் வங்கி அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் கிரெடிட் ஸ்கோர் அவர்கள் ஏற்கும் அளவுக்கு வெகு கீழே இருந்தது.

ஒரு தவணைகூடத் தவறியதில்லையே என்றேன். சிக்கல் அதுவல்ல என்றார். மனைவியின் சிகிச்சைக்காக இரண்டு கிரெடிட் கார்டுகளையும் வரம்பு வரை பயன்படுத்தியிருந்தேன். பின்னர் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தேன். பாக்கி வரம்பை ஒட்டியே நிற்பதால், பணத்துக்குத் தவிப்பவன் என்று அந்த எண் என்னைக் காட்டுகிறதாம். பதினெட்டாம் தேதி கார்டுகளுக்குப் பில் போடுவதற்குள் பாக்கியைப் பெருமளவு இறக்கினால், பத்து நாளில் ஸ்கோர் உயரக்கூடும். உறுதி சொல்ல முடியாது. மகளின் கட்டணத்துக்கு மாதக் கடைசி வரைதான் கெடு. அன்று தேதி பதின்மூன்று.

பணம் இல்லாமல் இல்லை. என் பெயரிலும் மனைவி பெயரிலுமாக ஒரு வைப்புத்தொகை இருந்தது. பிறகு ஏன் கட்டவில்லை என்று அவர் கேட்டார்.

நான் பிறந்தது பழவேற்காட்டை ஒட்டிய மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில். அங்கே மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் வலையும் எஞ்சினும் வாங்குவார்கள். அதை முழுதாகத் தீர்க்கும் வழக்கமில்லை. தீர்த்தால், இனி உனக்கு மீன் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். கொஞ்சம் கட்டி, கொஞ்சம் நிறுத்திவைப்பதுதான் மரியாதை. வகுப்பில் கூட்டுவட்டி கற்பித்த நான், கார்டு நிறுவனத்திடமும் அந்த மரியாதையையே காட்டிவந்திருக்கிறேன்.

அன்று மாலை தம்பியிடம் இதைச் சொன்னேன். குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவன். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தான்.

"இன்னாண்ணா, இத்தினி படிச்சிட்டு? நம்ம வியாபாரிகிட்ட பாக்கி வெச்சா, ஒண்ணுன்னா வந்து நிப்பாரு. அண்ணிக்கு மொத மாலை அவுரு போட்டதுதான். அந்தக் கார்டுகாரனுக்கு அண்ணி செத்தது தெரியுமா?"

வழக்கம் என்பது பாதிக் காரணமே. வைப்புத்தொகையை எடுக்க அவளுடைய இறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். கார்டு பில்லைத் திறந்தால் மருத்துவமனை, மருந்துக்கடை, கடைசி வரியில் ஆம்புலன்ஸ். திறக்காமலிருக்கவே, குறைந்தபட்சத் தொகை தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தேன்.

மறுநாள் காலை சான்றிதழை வங்கியில் நீட்டினேன். எழுத்தர் அதில் முத்திரையிட்டு, அடுத்தவரை அழைத்தார். பணம் வர மூன்று நாளாகும் என்றார்கள். பதினேழாம் தேதி நண்பகலில்தான் வந்தது. உடனே கைப்பேசியில் இரண்டு கார்டுகளுக்கும் கட்டினேன். ஒன்றுக்கு ரசீது வந்தது. மற்றதில் 'செயல்பாட்டில் உள்ளது' என்ற சொற்கள் நின்றுவிட்டன. சிக்னல் தேடி ஏரிக்கரையில் நடந்தேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"உடு நைனா. கெடைக்கலன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம். நீ காலைலேர்ந்து சாப்புடல."

அவள் தாயின் குரல் அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாலை ஐந்தரைக்கு ரசீது வந்தது.

அதன்பின் பத்து நாட்கள், தினமும் காலையில் அந்த எண்ணைப் பார்ப்பேன். அது அசையவில்லை. பதினோராம் நாள் உயர்ந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கடன் உறுதியானது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

கார்டுகளை ரத்து செய்ய வேண்டாம், பாக்கியை மட்டும் ஏறவிடாதீர்கள் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இப்போது பில் வந்த அன்றே திறந்து, ஒரு ரூபாய் விடாமல் கட்டிவிடுகிறேன். அரிசி, ரத்த அழுத்த மாத்திரை, மகள் ஊருக்கு வரும் ரயில் டிக்கெட் தவிர அதில் வேறொன்றுமில்லை. என் மனைவிக்கு நான் பட்ட கடன் எந்தப் பில்லிலும் ஒருநாளும் இருந்ததில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன.