சர்பத் வாளியில் மிதந்த றோசா இதழ்கள்

"பூவெல்லாம் ஆரு மகள் பறிச்ச?"

கேட்டது நஸ்லின் மாமி. கறிவேப்பிலை கேட்டு அப்போதுதான் அவருடைய வளவுக்குள் நுழைந்திருந்தேன். செடிகளில் ஒரு பூவும் இல்லை. மாமியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மருதமுனையில் அவர் எங்கள் பக்கத்து வீடு. பகலெல்லாம் வீட்டுத் தறியில் நெய்வார். மற்ற நேரம் றோசாச் செடிகளோடுதான். கடல் மணலில் றோசா நிற்காது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் குழி தோண்டி, வயல் வட்டையிலிருந்து களிமண் கொண்டுவந்து போட்டு, மாட்டெருவும் தேயிலைச் சக்கையும் இட்டு, உப்புக்காற்று படாமல் ஓலை கட்டி, இடுப்புயரப் புதர்களாக வளர்த்துவிட்டார். கலியாண வீட்டார் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் வந்து பறிக்கலாம். கேட்கவும் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அது வழக்கம்.

அந்த வாரம் மொட்டுகளில் புழு விழுந்தது. மாமி கவலைப்படுவதைப் பார்த்த அவருடைய கணவர் ஜுனைட் மாமா, நெல்லுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை, நான் போனதற்கு முந்தின நாள், மாமி தறியில் இருந்த பின்னேரம், செடிகளுக்கு அடித்துவிட்டார். சொல்ல மறந்து, விடியுமுன் வட்டைக்குப் போய்விட்டார். இலையைத் தொட்ட கையில் வந்த நாற்றத்தில்தான் மாமிக்குச் சந்தேகம். மாமாவுக்குப் போன் எடுத்தார்.

"ஓம், அடிச்சன்," என்றார் மாமா சந்தோசமாக. "புழு செத்திட்டா?"

அன்றைக்கு ஒழுங்கையில் இரண்டு கலியாணம். மாமி செருப்புப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முதல் வீட்டில் எல்லாம் பிளாஸ்டிக் பூ. அடுத்தது மணப்பெண் பஸ்மினாவின் வீடு.

முற்றத்தில் சர்பத் வாளி. மேலே சிவப்பு இதழ்கள் மிதந்தன. பிள்ளைகள் கிளாசோடு சுற்றி நின்றார்கள். மாமிக்குப் பேச மூச்சில்லை. காலால் வாளியைத் தள்ளிக் கவிழ்த்தார்.

"என்ன கா, பைத்தியமா புடிச்சிரிக்கி?" பஸ்மினாவின் உம்மா கத்தினார்.

"பூக் குடுக்க மனமில்லாட்டி படலையப் பூட்டி வெச்சிரிக்கலாமே," என்றாள் இன்னொருத்தி.

"மருந்து," என்றார் மாமி. "பூவுல வட்டை மருந்து."

 பஸ்மினாவின் அக்காவுடைய சின்ன மகள் அப்னா வெறுங் கிளாசை நீட்டினாள்.

"நான் குடிச்சிட்டன்."

ஓட்டோவில் மாமிதான் அவளை மடியில் வைத்திருந்தார். பிள்ளை கண்ணை மூடும்போதெல்லாம் உலுக்கினார்.

"தூங்காத கிளி, என்னோட கதைச்சிட்டே இரி."

"ஒங்குட பூ கசக்குது மாமி," என்று சொல்லி அப்னா மாமியின் சேலையில் சத்தியெடுத்தாள்.  ஆஸ்பத்திரிக் கதவு மூடியபின் அவர் அந்த ஈரச் சேலையோடு தரையிலேயே இருந்தார்.

அல்ஹம்துலில்லாஹ், அடுத்த நாள் அப்னா வீட்டுக்கு வந்தாள். மாமி புதர்களைக் கட்டையாக வெட்டி, வெட்டியதையெல்லாம் ஆழக் குழியில் புதைத்தார். செடிகள் திரும்பத் துளிர்த்துப் பூத்துவிட்டன. இப்போது புழுவைக் கையாலேயே பொறுக்குகிறார். ஆனாலும் அப்னா பூவை மணக்கக் குனிந்தால் உள்ளே தறிச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் நிமிர்ந்த பிறகுதான் திரும்பக் கேட்கிறது.

வயல் செய்கிற எந்த வீட்டிலும் மிஞ்சிய மருந்து இருக்கும். பூச்செடிக்கு அதை அடிக்க நினைக்கிற ஒருவர் உங்களுக்கும் தெரிந்திருப்பார். இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.