பன்னிரண்டு காட்டிய கருவி

சிகரெட்டை விட்ட நாற்பத்தோராம் நாள் மாலை, கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில், கன்னையா ஊதிய கருவி பன்னிரண்டு என்று காட்டியது. மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி அது. புகைக்காதவருக்கு ஆறைத் தாண்டாது.

“அண்ணே, உண்மைய சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்,” என்றார் தாதி ரமணி.

“ஒண்ணுகூட தொடலம்மா.”

ரமணி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

கன்னையா பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு காகிதக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறார். மார்ச் மாதம் கிடங்கின் பின்புறம் புகைத்து இவர் உட்பட மூவர் பிடிபட்டார்கள். கடிதம் இவருக்கு மட்டும் வந்தது. மூன்று மாதத்துக்குள், புகைப்பதை நிறுத்திவிட்டதற்கு கிளினிக் சான்று தர வேண்டும். தவறினால் வேலை இல்லை. கடிதத்தின் மூலையில் பெற்ற தேதியையும் நேரத்தையும் எழுதி, அவர் தன் கோப்பில் சேர்த்தார்.

முதல் நாள் ரமணி கேட்டிருந்தார்: “காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?”

“கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே கை தேடும்மா.”

“அப்ப இது வெறும் பழக்கம் இல்லண்ணே. நிக்கோட்டின் மூளைய பிடிச்சிருக்கு. வைராக்கியம் மட்டும் பத்தாது, மருந்து வேணும்.”

தோளில் ஒட்டும் பட்டையும் நிக்கோட்டின் சூயிங்கமும் கிடைத்தன. சூயிங்கத்தை மிட்டாய்போல் மென்று விக்கலெடுத்துத் தவித்தபோது மனைவி லோகேஸ்வரி சிரித்தாள். “முப்பது வருசம் நான் சொன்னது கேக்கல. ஒரு கடிதாசி சொன்னதும் கேக்குதே!”

பன்னிரண்டு காட்டிய அன்று இரவு கன்னையா தூங்கவில்லை. கிளினிக் சீட்டுகளையும் கிடங்கின் வேலைச் சீட்டுகளையும் தேதி வாரியாகப் பக்கம் பக்கமாக அடுக்கினார். முன்பு ஒருமுறையும் எண் ஆறைத் தாண்டியிருந்தது. எண் ஏறிய இரண்டு நாள்களும் மழை நாள்கள். மழை பெய்தால் காகிதச் சுருள்கள் நனையாதிருக்க ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். உள்ளே மூன்று கேஸ் ஃபோர்க்லிஃப்ட்டுகள் ஓய்வின்றி ஓடும். வேலை முடிந்த கையோடு அவர் நேரே கிளினிக்குக்குப் போவார்.

சீட்டுகளைப் பார்த்த ரமணி, “திங்கக்கெழம காலைல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க,” என்றார். ஞாயிறு விடுமுறை கழிந்து வந்து ஊதினார். இரண்டு. அன்றும் மழை; வேலை முடிந்து மாலையில் மீண்டும் ஊதியபோது பதின்மூன்று.

“உங்கள சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்கண்ணே.”

மருத்துவர் கடிதம் எழுதினார். இவர் புகைக்கவில்லை என்றது முதல் பத்தி. மூச்சில் உள்ள வாயு வண்டிப் புகையிலிருந்து வந்திருக்கக்கூடும், கிடங்கின் காற்றைச் சோதிக்க வேண்டும் என்றது இரண்டாம் பத்தி.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள தலைமை அலுவலகத்தில், ஊழியர் பிரிவு அதிகாரி விஷ்ணுப்ரியா அதை இருமுறை படித்தார்.

“கங்கிராட்ஸ் அங்கிள். ஆனா ரெண்டாவது பாரா வேணாம். சிகரெட் பத்தி மட்டும் எழுதி வேற லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

“பதினாலு பேரு அதே காத்தத்தாம்மா இழுக்குறோம்.”

“உங்க வேலைய மட்டும் பாருங்க லா அங்கிள். வெள்ளிக்கெழம டெட்லைன்.”

“சரி, இத வாங்கிக்கிட்டதா ஒரு சாப் போட்டுக் குடுங்க.”

முத்திரை மேசைமேலேயே இருந்தது. விஷ்ணுப்ரியா கடிதத்தைத் திருப்பி நீட்டினார்.

கன்னையா வேறு கடிதம் கேட்டு கிளினிக்குக்குப் போகவில்லை. திங்களன்று பணிநீக்கக் கடிதம் வந்தது. காரணம்: உரிய சான்று உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்படவில்லை.

“அந்த ரெண்டாவது பாராவ எடுத்திருந்தா என்னங்க?” என்றாள் லோகேஸ்வரி. இம்முறை அவள் சிரிக்கவில்லை.

“எடுத்தா, நான் மட்டும்தான் தப்பிச்சிருப்பேன்.”

மறுநாள் கோப்போடு தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனார். வாசலில் இருவர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை கேட்டது, கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ரமணி சொன்னபடி, அந்தத் தவிப்பு அடங்கும்வரை சில நிமிடங்கள் சுவரைப் பிடித்து நின்றார். பிறகு உள்ளே போய் வரிசை எண் எடுத்தார். அவருக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள்.